ஒரு நிரல், இரண்டு கம்பைலர்

தோப்பில் 300 தென்னை நிற்கிறது. மரத்துக்கு ஆண்டுக்கு 120 காய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி, பெருக்கி, விடையைத் திரையில் காட்டும் ஐந்து வரி நிரல் ஒன்றைச் சி மொழியில் எழுதுங்கள். கேரளத்தின் எல்லையோர ஊரான எருத்தேன்பதிப் பக்கத்துப் பள்ளிக் கணினியில் ஓட்டினால் 36000 என்று வரும். அதே ஐந்து வரியை எடுத்துக்கொண்டு வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய், தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலம் புழங்கிய டர்போ சி-யின் நீலத் திரையில் ஓட்டினால் -29536 என்று வரும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கம்பைலர்தான் மாறியது.

மனிதர் எழுதிய நிரலைப் படித்து, அதைச் செயலிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருளே கம்பைலர். மாற்றுவது என்றால் வரிக்கு வரி மாற்றுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சி மொழியில் அப்படி இல்லை. டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் பெல் ஆய்வகத்தில் இந்த மொழியை உருவாக்கியபோது, யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதுவதற்கான கருவியாகவே அதைக் கருதினார். 1973-இல் யூனிக்ஸின் மையப்பகுதி சி-யில் திருப்பி எழுதப்பட்டது. அதன்பின் விதவிதமான கணினிகளுக்கு மொழி பரவியது. ஒன்றில் 16 பிட், இன்னொன்றில் 32 பிட், வேறொன்றில் 36 பிட். எல்லாவற்றிலும் வேகமாக ஓட வேண்டுமென்றால் மொழி எதையும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. 1989-இல் அமெரிக்கத் தர நிறுவனம் சி-க்குத் தரவிதிகளை வகுத்தபோது, இந்தத் தளர்வு சட்டமாகவே எழுதப்பட்டது. 'இன்ட்' என்ற முழு எண் வகை குறைந்தது 32767 வரை கொள்ள வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு என்பது கம்பைலரின் விருப்பம்.

டர்போ சி-யை போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்டது. அது 16 பிட் இன்டெல் செயலிக்காகப் பிறந்தது. அதன் இன்ட் 32767-இல் நின்றுவிடும். 36000 அதற்குள் அடங்காது. 65536-ஐக் கழித்தால் கிடைக்கும் -29536 திரைக்கு வருகிறது. பள்ளிக் கணினியில் லினக்ஸும் ஜிசிசி கம்பைலரும் இருக்கின்றன. அங்கே இன்ட் 32 பிட். 2147483647 வரை தாங்கும். தேங்காய்க் கணக்குக்கு அது ஏராளம்.

டர்போ சி பழசு, அதனால் தவறியது என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கேரளத்தில் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் கைட் அமைப்பு 2022-இல் இருந்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு ரோபோட்டிக் கிட்டுகளைக் கொடுத்து வருகிறது. அதில் ஆர்டுயினோ ஊனோ போர்டு இருக்கும். அதற்கான கம்பைலரும் ஜிசிசிதான்; அந்தச் சின்னச் சில்லுக்காகக் கட்டமைக்கப்பட்ட ஜிசிசி. அதில் இன்ட் 16 பிட். நம் தேங்காய்க் கணக்கை அந்தப் போர்டில் போட்டால் மறுபடியும் -29536! பெயரும் குடும்பமும் ஒன்று, காலமும் இன்றைய காலம், விடை வேறு. ஆக, தவறு டர்போ சி-யிடமும் இல்லை, ஜிசிசி-யிடமும் இல்லை. இன்ட் எங்கும் 32 பிட்தான் என்று நம்பிய நம் நிரலில் இருக்கிறது. 1999 தரவிதிகளில் வந்த 'இன்ட்32_டி' போன்ற வகைகள் இதற்காகவே உள்ளன. அப்படி அறிவித்துவிட்டால், அந்த வகையை அறிந்த எந்தக் கம்பைலரில் ஓட்டினாலும் 36000.

இந்தத் தவறு ஒரே கம்பைலரோடு காலம் தள்ளுகிறவர் கண்ணில் படவே படாது. நான் சொல்ல வருவதும் அதுதான். ஒரே நிரலை இரண்டு கம்பைலரில் ஓட்டிப் பார்த்தால்தான் எது சி மொழி, எது கம்பைலரின் பழக்கம் என்று பிரிந்து தெரியும்.

இதைச் சோதிக்க எல்லையோர ஊர்ப் பள்ளிகளுக்கு உள்ள வசதி சாதாரணமானதில்லை. 1980-களிலும் 90-களிலும் யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் என்றால் சன், ஹெச்பி, சிலிக்கன் கிராபிக்ஸ் போன்ற நிறுவனங்கள் செய்த, லட்சக்கணக்கில் விலை போன பெட்டி. பெரிய ஆய்வு நிறுவனங்களில்தான் பார்க்கக் கிடைக்கும். கேரள அரசு 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூலையில், கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருக்க, இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. பிறகு வந்த ஆண்டுகளில் அரசுப் பள்ளிகள் குனு லினக்ஸுக்கே மாறிவிட்டன. ஐடி அட் ஸ்கூல் 2017-இல் கைட் ஆனது. சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளின் மேசையில் இருப்பதும் அந்த லினக்ஸ்தான். அன்றைய ஒர்க்ஸ்டேஷன் செய்த வேலை அத்தனையும் இது செய்யும். பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி பிளஸ் பிளஸ் கற்பிக்க ஜீனி எடிட்டரையும் ஜிசிசி-யையும் பயன்படுத்துகிறார்கள். குறை ஒன்றுதான். இரண்டாவது கம்பைலரை யாரும் நிறுவுவதில்லை. 'ஆப்ட் இன்ஸ்டால் கிளாங்' என்ற ஒரு கட்டளை அதைக் கொண்டுவந்துவிடும். காசு கிடையாது.

கம்பைலருக்குக் காசு என்பது ஒருகாலத்தில் பெரிய விஷயமாக இருந்தது. தொடக்கத்தில் யூனிக்ஸோடு சி கம்பைலரும் சேர்ந்தே வந்தது. 1979-இல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு ஸ்டீவ் ஜான்சன் எழுதிய 'பிசிசி' வந்தது. வேறு கணினிக்குச் சுலபமாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. சன் ஒர்க்ஸ்டேஷன்களிலும் 'சிசி' என்று தட்டினால் கம்பைலர் ஓடும். 1990-களின் தொடக்கத்தில் சொலாரிஸ் 2 வந்தபோது, சன் நிறுவனம் கம்பைலரைத் தனியாகப் பிரித்து விற்கத் தொடங்கியது. ஸ்டால்மன் 1987-இலேயே ஜிசிசி-யை இலவசமாக வெளியிட்டிருந்தார். காசு கொடுக்க மனமில்லாத நிர்வாகிகள் அதை இறக்கி நிறுவினார்கள். இப்படித்தான் 'சன் கம்பைலர் நல்லதா, ஜிசிசி நல்லதா' என்ற ஒப்பீடு ஒவ்வோர் ஆய்வகத்திலும் அன்றாட வேலையானது. சொந்த ஸ்பார்க் செயலியின் நுணுக்கம் அறிந்த சன் கம்பைலர் பல கணக்குகளில் வேகமான கட்டளைகளைத் தந்தது. ஜிசிசி எந்தப் பெட்டிக்குப் போனாலும் ஒரே மாதிரி நடந்துகொண்டது. பல பெட்டிகள் வைத்திருந்தவர்களுக்கு இரண்டாவது குணமே பெரிதாகத் தெரிந்தது.

இன்று ஜிசிசி-க்கு ஈடாக நிற்பது கிளாங். அதன் அடித்தளமான எல்எல்விஎம் 2000-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. தொடங்கியவர்கள் மாணவர் கிறிஸ் லாட்னரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் அத்வேயும். அத்வே மும்பை ஐஐடி-யில் படித்தவர். கிளாங் 2007-இல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் 2014-இல் பத்தாம் பதிப்பிலிருந்து ஜிசிசி-யை விட்டு அதற்கு மாறியது. கிளாங்கின் பிழைச் செய்திகள் தவறு நடந்த இடத்தின் கீழேயே குறி போட்டுக் காட்டின. அதைப் பார்த்து ஜிசிசி-யும் 2013-இல் அப்படியே காட்டத் தொடங்கியது. போட்டியாளர் இருந்ததால் நமக்குக் கிடைத்த லாபம் அது.

இப்போது ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்க்கலாம். பொள்ளாச்சிக்குப் போகும் தேங்காய் லோடு வே பிரிட்ஜில் ஏறுகிறது. முதலில் மொத்த எடை 9200 கிலோ. இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டி 3400 கிலோ. இரண்டும் ஒரு கோப்பில் அடுத்தடுத்த வரியில் எழுதப்பட்டிருக்கின்றன. நிகர எடை கண்டுபிடிக்க ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள்:

நிகரம் = கழி(படி(), படி());

'படி' என்ற செயற்கூறு கோப்பிலிருந்து அடுத்த எண்ணைப் படித்துத் தரும். 'கழி' முதல் எண்ணிலிருந்து இரண்டாம் எண்ணைக் கழிக்கும். பார்த்தால் பழுதே தெரியாத வரி. கிளாங்கில் கம்பைல் செய்து ஓட்டினால் 5800 வரும். இன்டெல் கணினியில் ஜிசிசி-யில் கம்பைல் செய்தால் -5800 வந்து நிற்கும். எச்சரிக்கை ஏதும் இல்லை. எல்லா எச்சரிக்கையையும் காட்டு என்று கேட்டாலும் இரண்டும் வாய் திறப்பதில்லை.

நடந்தது இதுதான். அடைப்புக்குறிக்குள் இரண்டு 'படி' இருக்கின்றன. எதை முதலில் அழைப்பது? இடப்பக்கம் இருப்பதை முதலில் என்று நாம் நினைக்கிறோம். நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறவர்கள். சி-யின் தரவிதி அப்படிச் சொல்லவில்லை. எந்த வரிசையிலும் அழைக்கலாம் என்று விட்டுவிட்டது. கிளாங் இடமிருந்து தொடங்குகிறது. ஜிசிசி பெரும்பாலும் வலமிருந்து தொடங்குகிறது. வலப்பக்க 'படி' முதலில் ஓடி 9200-ஐ எடுத்துக்கொள்ள, இடப்பக்க 'படி'க்கு 3400 மிஞ்சுகிறது. 3400-இலிருந்து 9200-ஐக் கழித்தால் -5800.

வலமிருந்து தொடங்கும் பழக்கத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 'பிரின்ட்எஃப்' போன்ற செயற்கூறுகளுக்கு எத்தனை மதிப்பு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எத்தனை வருகிறது என்பதை முதல் மதிப்பைப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ளும். மதிப்புகளை அடுக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் பழைய முறையில், முதல் மதிப்பு உச்சியில் இருக்க வேண்டுமென்றால் கடைசி மதிப்பை முதலில் வைத்தாக வேண்டும். அதனால் வலமிருந்து இடமாக. இன்றைய 64 பிட் லினக்ஸில் முதல் ஆறு முழு எண் மதிப்புகள் அடுக்குக்குப் போவதே இல்லை, செயலிக்குள்ளேயே இருக்கும் பதிவகங்களில் நேராகப் போகின்றன. காரணம் போனாலும் பழக்கம் நிற்கிறது.

வரிசையை ஏன் திறந்துவிட்டார்கள் என்பதற்கும் நல்ல காரணம் உண்டு. கான்பூர் ஐஐடி-யில் படித்த ரவி சேத்தியும் ஜெஃப்ரி உல்மனும் 1970-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒரு கணிதக் கோவையைச் செயலியில் கணக்கிட எத்தனை பதிவகம் தேவைப்படும் என்று முன்கூட்டியே எண்ணிச் சொல்லும் முறை. செயலியின் பதிவகங்கள் மிகச் சில. அவை போதாதபோது இடைவிடைகளை நினைவகத்தில் வைத்துத் திரும்ப எடுக்க வேண்டும், நேரம் போகும். சேத்தி–உல்மன் முறையின் சாரம்: அதிகப் பதிவகம் கேட்கும் பகுதியை முதலில் முடி. அதன் ஒரே விடையைப் பிடித்துவைத்துக்கொண்டு சுலபமான பகுதிக்குப் போ. கடினமான பகுதி வலப்பக்கம் இருந்தால் வலப்பக்கம்தான் முதலில் போக வேண்டும். மொழி 'இடமிருந்து மட்டும்' என்று கட்டளையிட்டிருந்தால் கம்பைலருக்கு இந்தச் சுதந்திரம் கிடைக்காது. இதே சேத்தியும் உல்மனும் ஆல்ஃபிரட் ஆஹோவும் சேர்ந்து 1986-இல் எழுதிய கம்பைலர் நூல், அட்டையில் டிராகன் படம் இருப்பதால் டிராகன் புத்தகம் என்றே அழைக்கப்படுகிறது. எருத்தேன்பதிக்குப் பக்கத்திலுள்ள கோழிப்பாறையில், அஹல்யா வளாகத்தில்தான் பாலக்காடு ஐஐடி 2015-இல் தொடங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் கணினி அறிவியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்காமல் வெளியே வரமாட்டார்கள். அதற்கு முன்பே பள்ளியில் வே பிரிட்ஜ் நிரலை இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்திருந்தால், புத்தகத்தின் அந்த அத்தியாயம் எதற்காக எழுதப்பட்டது என்பது முதல் வாசிப்பிலேயே விளங்கும்.

வே பிரிட்ஜ் நிரலைச் சரிசெய்வது எளிது. மொத்தத்தை ஒரு வரியில் படியுங்கள், காலியை அடுத்த வரியில் படியுங்கள், பிறகு கழியுங்கள். இரண்டு கம்பைலரும் 5800 என்றே சொல்லும்.

இங்கே ஓர் ஆதங்கத்தைச் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுத் தேர்வுகளிலும் வேலைக்கான எழுத்துத் தேர்வுகளிலும் ஒரு கேள்வி தலைமுறைகளாகச் சுற்றுகிறது. அ என்பதன் மதிப்பு 5; '++' அதில் ஒன்றைக் கூட்டும். '++அ + ++அ' என்பதன் விடை என்ன? ஜிசிசி 14 என்கிறது. இரண்டு முறையும் கூட்டி முடித்து, அ ஏழான பிறகு, ஏழையும் ஏழையும் சேர்க்கிறது. கிளாங் 13 என்கிறது. முதல் கூட்டலில் ஆறு, இரண்டாவதில் ஏழு. எது சரி? இரண்டும் இல்லை. ஒரே கோவைக்குள் ஒரே மாறியை இப்படி இரண்டு முறை மாற்றுவது சி மொழியில் பொருள் வரையறுக்கப்படாத செயல். 14, 13, 0, எதைச் சொன்னாலும் கம்பைலர் விதியை மீறியதாகாது. கிளாங் கேட்காமலே எச்சரிக்கும். ஜிசிசி-யிடம் எச்சரிக்கைகளைக் காட்டச் சொன்னால் அதுவும் எச்சரிக்கும். கம்பைலர்களே 'இது செல்லாது' என்று சொல்லும் வரிக்கு நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்பது அறிவியல் இல்லை. பிள்ளைகள் மனப்பாடம் செய்வது ஏதோ ஒரு கம்பைலரின் ஏதோ ஒரு பதிப்பின் பழக்கத்தை. இந்தக் கேள்வியை நீக்கிவிட்டு, 'இந்த வரி ஏன் செல்லாது?' என்று கேட்கலாம். விடையெழுத இரண்டு கம்பைலரும் ஐந்து நிமிடமும் போதும்.

வரையறுக்கப்படாத செயல் என்பது தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. 2009-இல் லினக்ஸ் 2.6.30-இல் நடந்ததைப் பாருங்கள். வலைத்தொடர்புக்கான ஒரு சின்னப் பகுதியில், ஒரு சுட்டியின் (நினைவக முகவரியைச் சுமக்கும் மாறியின்) வழியாக ஒரு மதிப்பை எடுக்கும் வரி இருந்தது. அதற்கு அடுத்து, அந்தச் சுட்டி வெறுமையா என்று பார்த்து, வெறுமையானால் பிழை சொல்லித் திரும்பும் வரி. எழுதியவர் சரிபார்ப்பை வைத்திருந்தார், ஆனால் ஒரு வரி தாமதமாக. ஜிசிசி இப்படித் தர்க்கம் செய்தது: வெறுமையான சுட்டியின் வழியே மதிப்பை எடுப்பது வரையறுக்கப்படாத செயல், முதல் வரியிலேயே எடுத்துவிட்டார், ஆகவே சுட்டி வெறுமையாக இருக்கவே முடியாது, ஆகவே அடுத்த சரிபார்ப்பு வீண். வேகத்துக்காக அந்தச் சரிபார்ப்பையே நீக்கிவிட்டது. மூல நிரலைப் படிப்பவர் கண்ணுக்குக் காவல் இருக்கிறது. ஓடும் நிரலில் இல்லை. அந்த ஓட்டை வழியாகக் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்று காட்டப்பட்டது. அதன்பின் லினக்ஸ் மையத்தைக் கம்பைல் செய்யும்போது இப்படிப்பட்ட சரிபார்ப்புகளை நீக்கக் கூடாது என்று ஜிசிசி-யிடம் ஓர் ஆப்ஷன் மூலம் சொல்லிவிடுகிறார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஆப்ஷன் என்ற சொல். 'ஓ0' என்று கொடுத்தால் ஜிசிசி கிட்டத்தட்ட எழுதியதை எழுதியபடி மாற்றும். 'ஓ2' என்று கொடுத்தால் மேலே சொன்ன மாதிரி யோசிக்கும். அதாவது ஒரு கம்பைலருக்குள்ளேயே இரண்டு கம்பைலர் இருக்கிறது. கிளாங்கை நிறுவ முடியாத இடத்தில்கூட, ஓ0-விலும் ஓ2-விலும் ஓட்டி விடைகளை ஒப்பிடலாம். வேறுபட்டால் நிரலை ஒரு தடவை முழுதாகப் படிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

சரி, வேகத்துக்கு வருவோம். ஒப்பீடு என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இதில்தான் ஏமாறுவதும் அதிகம். ஒன்று முதல் ஒரு பெரிய எண் வரை கூட்டும் சுற்று ஒன்றை எழுதி, எண்ணை விசைப்பலகையிலிருந்து வாங்கி, இரண்டு கம்பைலரிலும் ஓ2 கொடுத்து, 'டைம்' கட்டளையால் அளந்து பாருங்கள். நூறு கோடி என்று கொடுத்தால் ஜிசிசி-யின் நிரல் நூறு கோடி வரை கூட்டிக்கொண்டு போகும். கிளாங்கின் நிரல் கண்ணிமைப்பதற்குள் முடிந்திருக்கும். கிளாங் பல மடங்கு வேகமானது என்று எழுதிவிடலாமா? கிளாங் அந்தச் சுற்றையே தூக்கி எறிந்துவிட்டு, நாம் பள்ளியில் படித்த சூத்திரத்தை வைத்துவிட்டது: எண்ணை அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகு. அழகான வேலைதான். ஆனால் நாம் அளந்தது கிளாங் இந்தச் சூத்திரத்தைக் கண்டுகொள்கிறதா என்பதை மட்டுமே. நாளை ஒரு படத்தைச் சுருக்கும் நிரலையோ பால் சொசைட்டிக் கணக்கையோ எது வேகமாக ஓட்டும் என்பதைப் பற்றி அந்த அளவீடு ஒன்றுமே சொல்லவில்லை. அந்தச் சோதனைகளில் ஒரு சமயம் இது முந்தும், ஒரு சமயம் அது முந்தும்.

பெரிய நிறுவனங்களும் இதே குழியில் விழுந்திருக்கின்றன, சில தெரிந்தே விழுந்தன. ஒர்க்ஸ்டேஷன்களை நியாயமாக ஒப்பிட 1988-இல் ஸ்பெக் என்ற கூட்டமைப்பு உருவானது. 1989-இல் அது வெளியிட்ட சோதனைத் தொகுப்பில் 'மேட்ரிக்ஸ்300' என்று அணிகளைப் பெருக்கும் நிரல் ஒன்று. அதன் ஓட்டநேரத்தில் கிட்டத்தட்ட முழுதும், 99 விழுக்காடு, ஒரே வரியில் கழிந்தது. கம்பைலர் எழுதுவோர் அந்த ஒரு வரியைக் குறிவைத்தார்கள். அணியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துப் பெருக்கினால் தரவு விரைவு நினைவகத்திலேயே தங்கும் என்ற உத்தியைப் புகுத்தினார்கள். ஐபிஎம் பெட்டி ஒன்றில் அந்த ஒரு சோதனையின் மதிப்பெண் ஒன்பது மடங்குக்கு மேல் தாவியது. பெட்டி அதே பெட்டி. 1992 தொகுப்பிலிருந்து மேட்ரிக்ஸ்300 நீக்கப்பட்டது. பாடம் படித்தாகிவிட்டது என்று நினைத்தால், 2024-இல் இன்டெல் கம்பைலர் ஒரு குறிப்பிட்ட சோதனைக்கென்றே செய்த நுணுக்கம் கண்டுபிடிக்கப்பட்டு, ஸ்பெக் தன் தளத்திலிருந்த 2600-க்கும் மேற்பட்ட முடிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது.

அதனால் வேகத்தை ஒப்பிட வேண்டுமென்றால் உங்கள் சொந்த நிரலை எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆப்ஷன் கொடுங்கள். ஆப்ஷனே கொடுக்காமல் ஓ0-வில் ஒப்பிடுவதற்குப் பொருளில்லை. பலமுறை ஓட்டுங்கள், ஏனெனில் சூடான செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 'டைம்' கட்டளை காட்டும் மூன்று எண்களில் 'யூசர்' என்பதே நம் நிரல் செயலியில் செலவழித்த நேரம். கம்பைல் ஆக எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் பாருங்கள். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் எழுதிய டிசிசி என்ற குட்டிக் கம்பைலர் நிரலை ஏறக்குறைய யோசிக்காமல் மாற்றித் தள்ளும். கிடைப்பது மெதுவான நிரல், ஆனால் திருத்தித் திருத்தி ஓட்டிப் பார்க்கும் மாணவருக்குக் காத்திருப்பே இல்லை. எது நல்லது என்பது அவரவர் வேலையைப் பொறுத்தது.

கம்பைலரிலேயே பிழை இருந்தால்? நிச்சயமாக இருக்கிறது. யூட்டா பல்கலைக்கழகக் குழு ஒன்று 'சிஸ்மித்' என்ற கருவியைச் செய்தது. அது வரையறுக்கப்படாத செயல் எதுவும் இல்லாத சி நிரல்களைக் குருட்டாம்போக்கில் எழுதித் தள்ளும். ஒவ்வொன்றையும் பல கம்பைலர்களில், பல ஆப்ஷன்களில் ஓட்டி விடைகளை ஒப்பிட்டார்கள். நிரல் பழுதற்றது என்பதால், விடை மாறினால் யாரோ ஒரு கம்பைலர்தான் குற்றவாளி. 2011-இல் அவர்கள் முடிவை வெளியிட்டபோது, அதுவரை அறியப்படாத 325-க்கும் மேற்பட்ட பிழைகளைக் கண்டறிந்திருந்தார்கள். ஜிசிசி-யிலும் எல்எல்விஎம்-இலும் கண்டார்கள். காசு கொடுத்து வாங்கும் கம்பைலர்களிலும் கண்டார்கள். பிரான்ஸில் ஷாவியே லெருவா குழுவினர் கணித நிரூபணத்தோடு எழுதிய காம்ப்செர்ட் கம்பைலரில், நிரூபிக்கப்பட்ட நடுப்பகுதியில் மட்டும் தவறான நிரலை உருவாக்கும் பிழை சிக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் செய்தது, நாம் வே பிரிட்ஜ் நிரலில் செய்த அதே ஒப்பீடுதான்.

பிழையை விட மோசமான ஒன்றை யூனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்சன் 1984-இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் விளக்கினார். கம்பைலரை யாராவது திருத்தி, கடவுச்சொல் சரிபார்க்கும் நிரலைக் கம்பைல் செய்யும்போது மட்டும் கள்ள வழி ஒன்றைச் சேர்க்கும்படி செய்கிறார் என்று வையுங்கள். அந்தக் கம்பைலர் தன் சொந்த மூல நிரலைக் கம்பைல் செய்யும்போது இந்தத் திருத்தத்தையும் தானாகவே மறுபடி சேர்த்துவிடும்படியும் செய்துவிடுகிறார். பிறகு மூல நிரலிலிருந்து எல்லாத் தடயத்தையும் அழித்துவிடலாம். எத்தனை பேர் படித்தாலும் மூல நிரல் சுத்தமாக இருக்கும். கள்ள வழி தலைமுறை தலைமுறையாகத் தொடரும். பல ஆண்டுகள் இதற்கு நடைமுறைத் தீர்வு இல்லை என்றே கருதப்பட்டது. டேவிட் வீலர் தம் 2009 ஆய்வேட்டில் ஒரு வழியை நிறுவிக் காட்டினார். சந்தேகத்துக்குரிய கம்பைலரின் மூல நிரலை, அதோடு தொடர்பே இல்லாத இரண்டாவது கம்பைலரால் கம்பைல் செய். கிடைத்ததைக் கொண்டு அதே மூல நிரலை மறுபடி கம்பைல் செய். கடைசியில் வருவது முதல் கம்பைலரோடு பிட்டுக்குப் பிட்டு ஒத்துப்போனால், இரண்டிலும் ஒரே கள்ளத்தனம் ஒளிந்திருந்தால் ஒழிய, அது நேர்மையானது. உலகில் ஒரே ஒரு சி கம்பைலர் இருந்திருந்தால் இந்தச் சோதனையே சாத்தியமில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு வேறுபாடும் இருக்கிறது. மேலே 'நிகரம்', 'கழி', 'படி' என்று எழுதினேன். அவை விளக்கத்துக்கான பெயர்கள் மட்டும் அல்ல, அப்படியே கம்பைல் ஆகும். மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ் எழுத்தில் பெயர் வைப்பதைக் கிளாங் பல ஆண்டுகளாகவே ஏற்கிறது. ஜிசிசி 2020-இல் வந்த பத்தாம் பதிப்பிலிருந்துதான் ஏற்கிறது. அதற்கு முந்தைய ஜிசிசி-யில் 'எடை' என்று ஒரு மாறியை அறிவித்தால் 'நிரலில் வழிதவறிய \340' என்ற பொருளில் ஒரு பிழை வரும், அதுவும் வரிசையாகப் பலமுறை. தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது; முதல் பைட் எப்போதும் 224. அதை எட்டின் அடிமானத்தில் எழுதினால் 340. பழைய ஜிசிசி அந்தப் பைட்டைப் பார்த்து மிரண்டு நின்றுவிடும்.

உங்கள் பள்ளிக் கணினியில் இன்னும் உபுண்டு 18.04-ஐ அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸ் இருந்தால், அதில் ஜிசிசி ஏழாம் பதிப்பு இருக்கும். தமிழ்ப் பெயர்களுக்குக் கிளாங்கைத்தான் அழைக்க வேண்டும். 22.04-க்கு மாறியிருந்தால் ஜிசிசி பதினொன்று, இரண்டுமே ஏற்கும். பிளஸ் ஒன் செய்முறை வகுப்பில் வே பிரிட்ஜ் கணக்கை முழுக்கத் தமிழ்ப் பெயர்களோடு எழுதி, ஓ0, ஓ2 இரண்டிலும், ஜிசிசி, கிளாங் இரண்டிலுமாக நான்கு முறை ஓட்ட வைப்பதற்கு ஒரு பீரியட் தாராளமாகப் போதும்.